ஆண்டவர்கிட்ட எவ்வளவு கிட்ட போகலாம்? ஜெபத்தைப் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

பாளையங்கோட்டை பக்கம் ஒரு சின்ன சபையில சண்டே ஸ்கூலும் சனிக்கிழமை யூத் மீட்டிங்கும் பார்த்துக்கிறேன், 14 வருஷம் ஆச்சு. என்ன பாடம் நடத்தினாலும் கடைசியில சந்தேகம் கேளுங்கன்னு சொன்னா சுத்திச் சுத்தி ஜெபத்துலதான் வந்து நிக்கும், அதுவும் அடியில ஒரே சந்தேகம்தான், அப்பான்னு ஓடிப் போறதா, இல்ல பயந்து தள்ளி நிக்கிறதா. நோட்டுல குறிச்சு வெச்சிருந்ததை அவங்க கேட்ட வார்த்தையிலயே இங்க போட்டிருக்கேன். நான் தியாலஜி படிச்சவ இல்ல, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். வசனமெல்லாம் நம்ம வீட்டுல இருக்கிற பழைய மொழிபெயர்ப்புலருந்துதான்.

அக்கா, ஜெபத்துல ஆண்டவரை நீன்னு சொல்லணுமா, நீங்கன்னு சொல்லணுமா, நீர்னு சொல்லணுமா?

மூணுல எது வாயில வருதோ அது. இந்தக் கேள்வி தமிழ்ல மட்டும் இவ்வளவு பெருசா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. பைபிள் எழுதப்பட்ட எபிரெயத்துலயும் கிரேக்கத்துலயும் மரியாதைக்குன்னு தனியா ஒரு 'நீங்க' கிடையாது, தாவீது கடவுளைக் கூப்பிட்டதும் தன் வேலைக்காரனைக் கூப்பிட்டதும் ஒரே 'நீ'தான். தமிழ்ல எழுதும்போதுதான் எதைப் போடறதுன்னு யோசிக்க வேண்டி வந்துச்சு. 1871-ல ஹென்றி பவர் தலைமையில வந்த மொழிபெயர்ப்புலதான் நாம இன்னைக்கும் வாசிக்கிறோம், அதுல கடவுளுக்கு 'நீர்', 'உம்முடைய', சில இடத்துல 'தேவரீர்'. 'நீ'க்கு மேல, 'நீங்கள்' மாதிரி ஆபீஸ்ல பேசுற தூரமும் இல்லாம நடுவுல நிக்கிற வார்த்தை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர்ல பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் "என்னவே, நீரு எப்ப வந்தீரு"ன்னு கேட்பாங்கல்ல, அதுல மரியாதையும் இருக்கு, தோள்ல கை போடுற உரிமையும் இருக்கு.

'நீ'ன்னு சொன்னா தப்பான்னு கேட்டா, தப்பில்ல. நம்ம ஊருக்குப் பக்கத்துல கரையிருப்புல வைணவக் குடும்பத்துல பிறந்து 1858-ல ஞானஸ்நானம் எடுத்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாட்டுலயே கடவுளை 'அத்தா'ன்னு கூப்பிட்டு 'உன்னை'ன்னுதான் பாடியிருக்காரு, தன்னைச் சொல்லும்போது நாயடியேன்கிறாரு. ரெண்டும் ஒரே பாட்டுலதான். பக்தியில 'நீ' சொல்றது இந்த மண்ணுல ரொம்பப் பழைய பழக்கம். வீட்டுல பாருங்க, அம்மாவை 'நீ'ங்கிறோம், அப்பாவை 'நீங்க'ங்கிறோம், அதுக்காக அம்மா மேல மரியாதை இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா.

'அப்பா பிதாவே'ன்னு வருதே, அந்த 'அப்பா' நம்ம தமிழ் அப்பாதானா?

இல்ல, ஆனா சத்தம் அப்படியே பொருந்திப் போச்சு. அது அரமேயிக் வார்த்தை, 'அப்பா', தகப்பன்னுதான் அர்த்தம். புதிய ஏற்பாட்டுல மூணே இடத்துல வருது, மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. கிரேக்கத்துல எழுதினவங்ககூட அந்த வார்த்தையை மாத்தாம அப்படியே விட்டுட்டு பக்கத்துல 'பிதாவே'ன்னு அர்த்தத்தையும் போட்டாங்க. இயேசு வாயிலருந்து கேட்ட சத்தத்தை விட மனசு வரலன்னுதான் எனக்குத் தோணும். நிறைய பாஷைக்காரங்க அதை வெளிநாட்டு வார்த்தையா படிக்கிறாங்க, நமக்கு வீட்டு வார்த்தையாவே கிடைச்சிருக்கு.

யூட்யூப்ல ஒரு பாஸ்டர் அப்பான்னா 'டாடி'ன்னு அர்த்தம், குழந்தை கொஞ்சுற மாதிரி பேசணும்னாரு, கரெக்டா?

பாதி கரெக்ட். ஜெர்மனிக்காரர் யோவாக்கிம் எரேமியாஸ்னு ஒரு அறிஞர், கடவுளை இப்படிக் கூப்பிட்டதுல இயேசுகிட்ட தனி நெருக்கம் இருக்குன்னு எழுதினாரு, அது பிரசங்கத்துக்கு வந்து சேரும்போது 'டாடி' ஆயிடுச்சு. 1988-ல ஜேம்ஸ் பார்னு இன்னொருத்தர் அதை மறுத்து கட்டுரை எழுதினாரு, வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டாங்க, அது மழலைப் பேச்சு இல்லன்னு. தமிழ்ல யோசிச்சா இந்தச் சண்டையே வேண்டாம். நாலு வயசுப் பிள்ளையும் 'அப்பா'ங்குது, நாப்பது வயசுக்காரரும் 'அப்பா'ங்கிறாரு, ரெண்டு பேரும் உரிமையோடதான் சொல்றாங்க.

இதுல இன்னொண்ணையும் பாருங்க. இயேசு 'அப்பா'ன்னு சொன்னதா எழுதியிருக்கிற ஒரே இடம் கெத்செமனே, சிலுவைக்கு முந்தின ராத்திரி அவர் ஜெபிச்ச தோட்டம். தரையில விழுந்து கிடக்கிறாரு. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்"னு மனசுல இருக்கிறதை மறைக்காம கேட்கிறாரு, அடுத்த மூச்சுலயே "என் சித்தத்தின்படியல்ல"ங்கிறாரு. கொஞ்சல் எங்க இருக்கு அதுல?

ஒரு பக்கம் கர்த்தருக்குப் பயப்படுங்கிறீங்க, இன்னொரு பக்கம் பயப்படாம அப்பாட்ட போங்கிறீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்?

இதுதான் மெயின் கேள்வி, மத்ததெல்லாம் இதோட கிளைதான். எல்லாரும் இதைத் தராசு மாதிரி நினைக்கிறாங்க, இந்தத் தட்டுல நெருக்கம், அந்தத் தட்டுல பயம், ஒண்ணு ஏறினா ஒண்ணு இறங்கும்னு. பைபிள்ல அப்படி இல்ல. யாத்திராகமம் 3-ல முட்செடி எரியும்போது செருப்பைக் கழட்டி முகத்தை மூடிக்கிட்டாரே மோசே, அதே மோசேயைப் பத்திதான் 33-ம் அதிகாரத்துல "ஒருவன் தன் சிநேகிதனோடே பேசுவதுபோல" கர்த்தர் அவரோட பேசினாருன்னு இருக்கு. அதே அதிகாரத்துலயே இன்னும் கொஞ்சம் தள்ளி, என் முகத்தை நீ பார்க்க முடியாது, பார்த்தா நீ உயிரோட இருக்க முடியாதுன்னு சொல்லி கன்மலை வெடிப்புல அவரை ஒளிச்சு வைக்கிறாரு. சிநேகிதன்தான், ஆனா பார்க்க முடியாது. அந்த 33-ம் அதிகாரத்தை ஒரு தடவை முழுசா உட்கார்ந்து படிங்க, நான் சொல்றதைவிட அது நல்லாச் சொல்லும்.

படகுல புயல் வந்தப்போ சீஷர்கள் பயந்தாங்க, சரி. "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா"ன்னு இயேசுவைத் தட்டி எழுப்பினாங்க, அவர் காத்தை அதட்டினதும் எல்லாம் அமைதியாயிடுச்சு. அதுக்கப்புறம்தான் மாற்கு எழுதுறாரு, அவங்க மிகவும் பயந்தாங்கன்னு. ஆபத்து போனப்புறம் எதுக்குப் பயம்? படகுல நம்மகூட தலையணை வெச்சுத் தூங்கிட்டு இருந்தது யாருன்னு தெரிஞ்சதால. அந்தப் பயம் ஓட வைக்கிற பயம் இல்ல, ஒருத்தரும் தண்ணில குதிக்கல.

பேதுருவும் ஒரே வசனத்துல ரெண்டையும் போட்டு முடிச்சிட்டாரு, பிதான்னு கூப்பிடுறீங்கல்ல, அதனால பயத்தோட நடந்துக்கோங்கன்னு (1 பேதுரு 1:17). 'ஆனாலும்'னு வரல. 'அதனால'ன்னு வருது.

எங்க அப்பா குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. கடவுளை அப்பான்னு சொல்லச் சொன்னா எனக்கு வயித்தைக் கலக்குது. நான் என்ன பண்ண?

இந்தக் கேள்வியை முதல் தடவை ஒரு பிள்ளை கேட்டப்போ நான் ஒரு ரெடிமேட் பதில் சொல்லிட்டேன், உலகத்து அப்பா வேற பரலோகத்து அப்பா வேறன்னு. அந்தப் பிள்ளை தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு, அடுத்த மூணு வாரம் வரல. அது இன்னைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

இப்ப சொல்றது இது. அந்த வார்த்தை வரலன்னா இப்போதைக்கு விட்டுருங்க, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சங்கீதக்காரங்க கடவுளை மேய்ப்பர், கன்மலை, கோட்டை, நிழல்னு என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. ஏசாயா 66:13-ல கடவுளே தன்னைத் தாய்க்கு ஒப்பிட்டுப் பேசுறாரு, "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல்"னு. எந்தப் பேரைச் சொன்னா உங்களுக்கு மூச்சு விட முடியுதோ அதைச் சொல்லுங்க. சங்கீதம் 27:10 எழுதினவருக்கும் தகப்பன் தாய் கைவிட்டுட்டா என்ன ஆகும்கிற நினைப்பு இருந்திருக்கு, இல்லன்னா அந்த வரி வந்திருக்காது.

கர்த்தருக்குப் பயப்படறதுன்னா ராத்திரி கேட் சத்தம் கேட்டதும் உங்களுக்கு வர்ற அந்தப் பயம் இல்ல. அந்தப் பயத்தைக் கடவுள் மேல ஏத்தாதீங்க. இன்னொண்ணு, வீட்டுல அடி விழுதுன்னா ஜெபம் பண்ணினா மட்டும் போதாது, நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. பதினெட்டு வயசுக்குள்ளன்னா 1098-க்கு போன் பண்ணலாம், அது சைல்டு ஹெல்ப்லைன்.

'இயேசப்பா'ன்னு சொல்றோமே, அவர் மகன்தானே, எப்படி அப்பா ஆவாரு?

லாஜிக் பார்க்கிற பசங்க எல்லாரும் ஒரு வயசுல இதைக் கேட்பாங்க. சபையோட பொதுவான ஒழுங்கு என்னன்னா, பிதாகிட்ட, குமாரன் வழியா, ஆவியானவரோட உதவியில ஜெபிக்கிறது. அதுக்காக இயேசுவை நேரா கூப்பிடக் கூடாதுன்னு இல்ல, ஸ்தேவான் சாகும்போது "கர்த்தராகிய இயேசுவே"ன்னுதான் கூப்பிட்டாரு. ஏசாயா 9:6-ல பிறக்கப்போற அந்தப் பாலகனுக்கே 'நித்திய பிதா'ன்னு பேர் இருக்கு, கடைசிப் பந்தியில இயேசு சீஷர்களை "பிள்ளைகளே"ன்னுதான் கூப்பிடுறாரு.

இதையெல்லாம் தாண்டி, தமிழ்ல 'அப்பா' பாசத்துக்கு ஒட்டுற சொல்லும்கூட. மூணு வயசுப் பொடியனையும் "வாப்பா, சாப்பிடுப்பா"ங்கிறோம். இயேசப்பால இருக்கிற 'அப்பா' அதுல ஒரு கால், இதுல ஒரு கால். நான் திருத்தறதில்ல.

பாஸ்டர் மாதிரி 'சர்வ வல்லமையுள்ள பரிசுத்த தேவனே'ன்னு எனக்கு வராது. சும்மா பேசுற மாதிரிதான் வருது, ஏத்துக்குவாரா?

ஏத்துக்குவாரு. எங்க ஆச்சி நாலாங்கிளாஸ்தான். விடியக்காலை கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடி, "மகா பரிசுத்தமுள்ள தேவரீர் சமூகத்துல அடியாள் வாரேன்"னு கோயில் தமிழ்ல ஆரம்பிப்பா, ரெண்டாவது நிமிஷம் "பாத்தீரா ஆண்டவரே, மாடு நேத்துலேருந்து பால் இறங்க மாட்டேங்கு, பெரியவன் வேற லெட்டரே போடல"ன்னு போயிடும். முடிக்கும்போது மறுபடியும் தேவரீர். சின்னப்பிள்ளையில பக்கத்துல படுத்துக் கேட்டு சிரிச்சிருக்கேன். இப்ப யோசிச்சா இயேசு சொல்லிக் குடுத்த பரமண்டல ஜெபத்தோட அமைப்பே அதுதான், மேல 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக', நடுவுல இன்னைக்குச் சாப்பாடு, கடன், சோதனை, திரும்ப 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்'.

ஒரு எச்சரிக்கை மட்டும். பெரிய வார்த்தை போட்டாதான் மரியாதைன்னு நினைக்கிறது ஒரு தப்புன்னா, பேச்சுத் தமிழ்ல பேசினாதான் உண்மையான ஜெபம், மத்ததெல்லாம் வேஷம்னு நினைக்கிறது அடுத்த தப்பு. ஆச்சியோட தேவரீர் வேஷம் இல்ல.

முழங்கால் போட்டுத்தான் ஜெபிக்கணுமா? படுத்துட்டு, பஸ்ல, குளிக்காம எல்லாம் பண்ணலாமா?

பைபிள்ல பாருங்க, சாலொமோன் முழங்கால்ல, தாவீது உட்கார்ந்து (2 சாமுவேல் 7:18), எலியா தலையை முழங்காலுக்கு நடுவுல வெச்சு, எசேக்கியா படுக்கையில சுவர் பக்கம் திரும்பி, பேதுரு மொட்டை மாடியில, யோனா மீன் வயித்துக்குள்ள. நெகேமியா, ராஜா தன்கிட்ட கேள்வி கேட்டதுக்கும் தான் பதில் சொல்றதுக்கும் நடுவுல இருந்த இடைவெளியில ஜெபிச்சாரு, கண்ணைக்கூட மூடியிருக்க முடியாது. அப்ப பஸ்ல தாராளமா பண்ணலாம்.

ஆனா உடம்புக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கு. எப்பவும் படுத்துட்டேதான் பேசுறேன், ஒரு நாளும் எந்திரிக்க மாட்டேன்னா, நாம யாருகிட்ட பேசுறோம்கிறது கொஞ்சம் கொஞ்சமா மறந்து போகும். கலெக்டர் வந்தா எந்திரிக்கிறோம்ல. முட்டு வலி இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டுக் கஷ்டப்பட வேண்டாம், தலை குனிஞ்சாலே போதும். குளியல் உங்க இஷ்டம்.

கேட்கவே வெட்கமா இருக்கு அக்கா, பீரியட்ஸ் டைம்ல பைபிளைத் தொடலாமா, ஜெபம் பண்ணலாமா?

வருஷத்துக்கு நாலு பிள்ளைங்களாவது காதுல வந்து கேட்குது இதை. தொடலாம், பண்ணலாம். மாற்கு 5-ல 12 வருஷமா இரத்தப் போக்கு இருந்த ஒரு அம்மா கூட்டத்துக்குள்ள வந்து இயேசு டிரெஸ்ஸைத் தொடுறாங்க. லேவியராகமம் 15 சட்டப்படி அவங்க படுத்தது, உட்கார்ந்தது, அவங்களைத் தொட்டவங்க எல்லாம் தீட்டு. இயேசு ஒதுங்கல, யார் தொட்டதுன்னு தேடுறாரு. அவங்க பயந்து நடுங்கி வந்து கால்ல விழுந்து உண்மையெல்லாம் சொல்றாங்க, அவர் "மகளே"ன்னு கூப்பிடுறாரு. மேல மோசேயைப் பத்திச் சொன்னேன்ல, இங்கயும் அதேதான், நடுக்கமும் மகள்ங்கிற உறவும் ஒரே நிமிஷத்துல.

சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கடவுளைத் தொந்தரவு பண்ணலாமா? பைக் சாவி காணோம், சிஎஸ்கே ஜெயிக்கணும்...

சாவிக்குக் கேளுங்க. அன்றன்று வேண்டிய ஆகாரம்னு சொல்லிக் குடுத்தவரு சாவிக்குக் கோபப்பட மாட்டாரு. மேட்சுக்கு எதிர் டீம்லயும் ஒருத்தன் ஜெபிச்சிட்டு இருப்பான், அதை நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க. ஆனா ஆறு மாசமா சாவி, மார்க், மேட்ச் மட்டும்தான் கேட்டிருக்கோம்னு தெரிஞ்சா கொஞ்சம் நின்னு பாருங்க, தினமும் கடைக்குப் போற மாதிரி போறோமான்னு.

ஆண்டவர்கிட்ட கோபப்படலாமா? எங்க அம்மா செத்தப்போ நான் ரொம்பத் திட்டிட்டேன்.

அவர்கிட்ட போய்த்தானே திட்டினீங்க. வேற யார்கிட்டயாவது அவரைப் பத்திக் குறை சொல்லிட்டு அவர் பக்கமே திரும்பாம இருக்கிறதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு சங்கீதம் 13 ஆரம்பிக்குது. சங்கீதம் 88 இருட்டுலயே முடியும், கடைசி வரில ஒரு ஆறுதலும் கிடையாது, அதையும் வேதத்துலருந்து யாரும் எடுக்கல. எல்லாத்தையும் இழந்த யோபு கேட்காத கேள்வியா? கடைசியில கடவுள் யார் மேல கோபப்பட்டாருன்னு பாருங்க, அவருக்காக வக்காலத்து வாங்கின அந்த சிநேகிதர்கள் மேல, என் தாசனாகிய யோபைப் போல நீங்க நிதானமாப் பேசலன்னு (யோபு 42:7).

அதே யோபு, கடவுள் பேச ஆரம்பிச்சதும் கையால வாயைப் பொத்திக்கிட்டாரு. திட்டினதுக்கு மன்னிப்பு கேட்டுட்டுத்தான் அடுத்த ஜெபம் பண்ணணும்னு இல்ல தம்பி. திட்டி முடிச்சப்புறம் எந்திரிச்சுப் போயிடாம கொஞ்ச நேரம் அங்கயே உட்காருங்க. அம்மா போன துக்கத்துக்கு என்கிட்ட பதில் இல்ல.

நாம ராஜாவோட பிள்ளைகள், உரிமையோட கட்டளையிட்டுக் கேட்கணும், 'சித்தமானால்'னு சொன்னா அவிசுவாசம்ங்கிறாங்களே?

இதுல எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, பிடிக்காதவங்க மன்னிச்சுக்கோங்க. எபிரெயர் 4:16 தைரியமா கிருபாசனத்துக்கிட்ட வரச் சொல்லுது, வாஸ்தவம். ஆனா ஆசனம்னு எழுதியிருக்கு. சிங்காசனத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கு ஆர்டர் போடறது தைரியம் இல்ல. அழியப்போற சோதோம் ஊருக்காக ஆபிரகாம் பேரம் பேசுறதைப் பாருங்க (ஆதியாகமம் 18), அங்க 50 நீதிமான்கள் இருந்தா விட்டுடுவீரான்னு ஆரம்பிச்சு 45, 40, 30, 20, 10 வரைக்கும் இறக்குறாரு, மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்குறவங்ககூட அவ்வளவு பேச மாட்டாங்க. ஆனா நடுவுல என்ன சொல்லிக்கிறாரு? "தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்." விடாமக் கேட்டாரு, கட்டளையிடல.

'சித்தமானால்' அவிசுவாசம்னா, குஷ்டரோகி "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மாலே ஆகும்"னு கேட்டு அன்னைக்கே சுகமாயிட்டுப் போனதை என்ன சொல்றது? கெத்செமனேயை ஏற்கெனவே சொல்லிட்டேன். உரிமை இருக்கிற பிள்ளைதான் 'உங்க இஷ்டம்ப்பா'ன்னும் சொல்லும், ஏன்னா இல்லன்னு சொன்னாலும் உறவு போகாதுன்னு அதுக்குத் தெரியும்.

அப்ப உஸ்ஸா ஏன் செத்தான்? விழுற பெட்டியைப் பிடிக்கத்தானே போனான், நல்ல எண்ணம்தானே?

ரொம்பக் கஷ்டமான கேள்வி, தாவீதுக்கே இதுல முதல்ல வருத்தம், அப்புறம் பயம் வந்துச்சு (2 சாமுவேல் 6). கதையைக் கொஞ்சம் பின்னால போய்ப் படிச்சா சிலது தெரியும். அது கடவுளோட உடன்படிக்கைப் பெட்டி, அதைத் தண்டு போட்டுத் தோள்லதான் சுமக்கணும், தொடக் கூடாது, தொட்டா சாவுன்னு எண்ணாகமம் 4:15-ல தெளிவா இருக்கு. இவங்க புது வண்டியில ஏத்துறாங்க, முன்னாடி பெலிஸ்தர் திருப்பி அனுப்பினப்போ பண்ணின அதே முறை. அந்தப் பெட்டி வருஷக்கணக்கா அபினதாப் வீட்டுல இருந்துச்சு, உஸ்ஸா அந்த வீட்டுப் பையன். இது என் ஊகம்தான், ஆனா தினமும் கண் முன்னாடி இருக்கிறது கொஞ்ச நாள்ல வீட்டுச் சாமான் ஆயிடும். கோயிலுக்குள்ளயே வளர்ந்த எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்தக் கதை அதிகமா உறைக்கணும், பலிபீடத்துப் பக்கத்துல நின்னு வாட்ஸ்அப் பார்த்திருக்கேன் நான்.

ஆனா அந்த அதிகாரம் உஸ்ஸாவோட முடியல. பயந்த தாவீது பெட்டியை ஓபேத் ஏதோம் வீட்டுல வெச்சுட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடியும் வர்றாரு, இந்தத் தடவை தோள்ல சுமந்து. அப்பதான் ஆசாரியர் உடுத்துற சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கிட்டு முழு பலத்தோட ஆடுறாரு, அவர் மனைவி மீகாள் ஜன்னல்லருந்து பார்த்து மூஞ்சியைச் சுளிச்ச அந்த ஆட்டம். பயம் வந்தப்புறம் ஆட்டம் குறையல. ஒழுங்கா சுமந்த அன்னைக்குத்தான் அப்படி ஆடினாரு. நல்ல எண்ணம் இருந்த உஸ்ஸாவுக்கு ஏன் அப்படின்னு இன்னும் யாராவது கேட்டா, எனக்கும் முழுசா சமாதானம் ஆகலன்னுதான் சொல்லுவேன்.

தப்பு பண்ணிட்டு அன்னைக்கே ஜெபம் பண்ண கூச்சமா இருக்கு. ரெண்டு நாள் ஒழுங்கா இருந்துட்டு அப்புறம் போனா மரியாதையா இருக்கும்ல?

பாத்ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி குளிச்சிட்டுப் போறேங்கிற மாதிரி இருக்கு. ரெண்டு நாள் நாலு நாள் ஆகும், அப்புறம் பழகிடும். இயேசு சொன்ன கதையில அந்த ஆயக்காரன், வரி வசூல் பண்றவன், தூரத்துல நின்னான், வானத்தைப் பார்க்கல, மார்புல அடிச்சிக்கிட்டான், ஆனா தேவாலயத்துக்கு வந்துட்டான். கூச்சத்தோடயே வந்தான்.

சங்கீதம் 130:4-ஐப் படிச்சிருக்கீங்களா, "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு அதனால பயப்படுறேன்னு இருக்கும்னுதான் நாம எதிர்பார்ப்போம். மன்னிப்பு உண்டாம், அதனால பயமாம். கணக்கு டீச்சருக்கு முதல்ல இந்தச் சமன்பாடு பிடிபடவே இல்ல. என் ஸ்டூடண்ட் ஒருத்தன் காப்பி அடிச்சு மாட்டி, ஹெட்மிஸ்டிரஸ் அவனை மன்னிச்சு விட்டப்புறம் அவங்களைப் பார்த்தாலே எந்திரிச்சு நிப்பான், அடி வாங்கின பசங்க அப்படி நிக்கல. அதைப் பார்த்தப்போதான் புரிஞ்சுச்சு.

ஜெபம் பண்ணும்போது ஒண்ணுமே ஃபீல் ஆகல, சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு.

எனக்கும் பாதி நாள் அப்படித்தான். நெருக்கம்னா எப்பவும் கண்ணுல தண்ணி வரணும்னு பாட்டு மீட்டிங்ல பழகிட்டோம். ஆச்சியும் தாத்தாவும் திண்ணையில சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருப்பாங்க, வெத்தலைப் பெட்டி மட்டும் இங்கயும் அங்கயும் போகும். சொல்ல ஒண்ணும் இல்லன்னா ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுறாருன்னு ரோமர் 8:26 சொல்லுது. பிரசங்கி 5:2-ம் வார்த்தை சுருக்கமா இருக்கட்டும்னுதான் சொல்லுது. அதனால ஒரு சங்கீதத்தை எடுத்து வாசிச்சிட்டு ஆமென் சொல்லிட்டுப் போங்க, அதுவும் ஜெபம்தான். மாசக்கணக்கா சாப்பாடு, தூக்கம், எதுலயுமே மனசு ஒட்டலன்னா மட்டும் டாக்டரையும் பாருங்க, அது வேற விஷயமா இருக்கலாம்.

நீங்க எப்படி ஜெபம் பண்ணுவீங்க டீச்சர்?

தப்பிக்க முடியாத கேள்வி. காலையில அஞ்சரைக்கு, கிச்சன்ல, நின்னுட்டே. அடுப்புல பால் இருக்கும், அதனால கண்ணை மூட மாட்டேன். முதல்ல பரமண்டல ஜெபம், நிதானமா, ஏன்னா என் சொந்த வார்த்தையில ஆரம்பிச்சா நேரா புலம்பல்லதான் போய் நிக்கும். அப்புறம் கிளாஸ் பிள்ளைங்க பேரு, வீட்டுக்காரருக்கு சுகர், எல்லாம் நீங்க, நீர், நீன்னு கலந்து வரும். ஞாயித்துக்கிழமை மட்டும் முழங்கால், ஆச்சி மாதிரி தலைப்பைப் போட்டுக்கிட்டு. பால் ரெண்டு தடவை பொங்கி வழிஞ்சிருக்கு.